பின்சீட்டில் இருந்த பாரம்

உஷாராணியின் பட்டறைக்குப் போவதென்றால் குடும்பத்தோடு போகவேண்டும் என்பது பாச்சாங் முழுக்கத் தெரிந்த கேலி. கல்யாண வீட்டுக்குக் கிளம்புவதுபோல மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கார் பட்டறைக்குப் போகிற கூத்து மலாக்காவில் வேறெங்கும் நடப்பதில்லை. போகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் போவார்கள். ஆனால் அங்கே வேலை பார்த்த வண்டி திரும்பச் சத்தம் போடாது என்பதால் அடுத்த முறையும் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

கடைவரிசைக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு சீனரின் டயர் கடைக்கும் மூடிக்கிடக்கும் அச்சகத்துக்கும் நடுவில் இருக்கிறது அந்தப் பட்டறை. வண்டியைத் தூக்கும் பெரிய இயந்திரமெல்லாம் கிடையாது. தரையில் ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டியிருக்கிறது. வண்டியை அதன்மேல் நிறுத்திவிட்டு உஷாராணி கீழே இறங்கிவிடுவாள். எஞ்சின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அடிப்பாகத்து வேலை மட்டும்தான். அதிலும் பழைய வண்டிகளுக்குப் பின்பக்கத்து புஷ் மாற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளில்லை.

புஷ் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. பின்சக்கரங்களின் அச்சை வண்டியின் உடலோடு பிடித்து வைத்திருக்க இரண்டு பக்கமும் இரும்புக் கைகள் உண்டு. அந்தக் கைகளின் மூட்டில் இரும்போடு இரும்பு மோதாமலிருக்க ஒரு ரப்பர் உருளையைச் செருகி, அதன் நடுவில் போல்ட் போட்டு முறுக்குவார்கள். அவ்வளவுதான் புஷ். ரப்பர் கெட்டால் வண்டி பின்னால் தட்டும். இன்னும் கெட்டால், பிரேக் போடும்போது அச்சு நகர்ந்து, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இருக்க வண்டி தன் இஷ்டத்துக்கு வேறு பக்கம் திரும்பும்.

புது ரப்பர் போடுவது யாருக்கும் வரும். போல்ட்டை எந்த நேரத்தில் முறுக்குவது என்பதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கிவிட்டால், இறக்கியதும் அந்த ரப்பர் திருகிக்கொண்டு நிற்கும். ஓடினாலும் நின்றாலும் திருகலிலேயே கிடந்து சில மாதத்தில் கிழிந்து போகும். அதனால் வண்டி முதலில் தன் காலில் நிற்கவேண்டும். மற்ற பட்டறைக்காரர்கள் அதுவே போதும் என்பார்கள். உஷாராணிக்குப் போதாது. வழக்கமாக அதில் போகிறவர்கள் வழக்கமான இடத்தில் ஏறி உட்காரவேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசி முறுக்கு. ஆள் இல்லாதவர்களுக்கு மணல் மூட்டை வைத்திருக்கிறாள், ஆனால் மனசில்லாமல்தான் அதைத் தூக்கி வைப்பாள்.

இந்தப் பிடிவாதம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. லோரி ஓட்டிய புவனேஸ்வரனின் மகள் அவள். ஏதாவது ஓர் ஆபீசில் காற்றாடிக்குக் கீழே உட்காருவாள் என்று அப்பா கனவு கண்டார். அவள் போய்ச் சேர்ந்தது பாச்சாங்கில் ஒரு உதிரிபாகக் கடை. ஒரே வண்டிக்கு அதே புஷ்ஷை வருஷத்துக்கு வருஷம் வாங்க வருகிறவர்களை அங்கேதான் பார்த்தாள். ரப்பர் மட்டம் என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். அவள் பழையதை வாங்கி அறுத்துப் பார்த்து, தேய்ந்த ரப்பர் வேறு, திருகிக் கிழிந்த ரப்பர் வேறு என்று கண்டுகொண்டாள். பிறகு மெக்கானிக் ஷங்கரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பட்டறைக்கு வந்தாள். ஷங்கர் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் என்று தங்கிவிட்டான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுவதா, பட்டறையைத் திறப்பதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத் திறந்தாள்.

குழிக்குள் நின்றபடி மேலே ஆள்கள் ஏறுவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு ருசி உண்டு. பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். சண்டை போட்டுவிட்டு வந்த தம்பதி என்றால் வண்டி இரண்டு ஓரத்திலும் அமுங்கும் என்று சத்தியம் செய்வாள். அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேலே பார்க்காமலே பாரத்தைப் படிப்பாள் என்பது உண்மை. நான் சொல்லவருகிற சங்கதியில் அவளுடைய இந்த ஒரு திறமைதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

புக்கிட் பெருவாங்கில் இருக்கிற திருக்குமரனும் அவர் மனைவி ஜனகாவும் அவளுக்குப் பல வருஷத்து வாடிக்கை. அவர் நில அளவை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், பேச்சில் அந்த வாடை இன்னும் போகவில்லை. ஜனகா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அவர்களிடம் ஒரு சாம்பல் நிற வொல்வோ, அறுபதுகளில் அவருடைய அப்பா வாங்கியது. திருக்குமரன் ஓட்ட, ஜனகா இடதுபக்கப் பின்சீட்டில்தான் உட்காருவார். முன்னால் உட்கார்ந்தால் இவர் ஓட்டுகிற அழகைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்பார். உஷாராணி குழிக்குள்ளிருந்து சிரிப்பாள்.

அந்த வண்டிக்கு அவள் கடைசியாக புஷ் மாற்றிய நாளில் காலையிலிருந்தே மழை கொட்டியது. குழியில் தண்ணீர் ஏறி இடுப்பளவு நின்றது, இறைக்கிற மோட்டார் மக்கர் பண்ணியது. அவர்களுக்கோ சிரம்பானில் ஒரு கல்யாணம், கிளம்பியாகவேண்டும். வண்டியை ஜேக்கில் தூக்கி நிறுத்தி, ஈரத்தரையில் மல்லாந்து படுத்து வேலையை முடித்தாள். இறக்கிவிட்டால் வண்டிக்கு அடியில் அவள் நுழைய இடம் இருக்காது, குழிக்குள் இறங்கவும் வழியில்லை. சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்கினாள்.

தண்ணீர் வடிந்ததும் ஒருநாள் வாருங்கள், தளர்த்தி மறுபடி முறுக்கித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரையே குடும்பத்தோடு வரவழைத்துச் சட்டம் பேசுகிறவள், தானே சட்டத்தை மீறியதை எப்படிச் சொல்வது என்ற வீம்பு. அடுத்த சர்வீஸுக்கு வரும்போது அவர்களுக்குத் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். மற்றவர்களிடம் காட்டுகிற கண்டிப்பில் பாதியை அன்றைக்குத் தன்னிடம் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த சர்வீஸுக்கு அவர்கள் வரவில்லை. சில மாதம் கழித்து, ஆயர் கெரோ போகும் சாலையில், தூறலில், ஒரு வளைவில் திருக்குமரன் பிரேக்கை மிதித்தபோது வொல்வோவின் பின்பக்கம் வீசிக்கொண்டு போய் ஓரத்து மரத்தில் அடித்தது. அடி விழுந்தது இடது பின்கதவில். அவருக்குச் சிராய்ப்பு மட்டும். ஜனகா அந்த இடத்திலேயே போய்விட்டார். ஈரச் சாலை, பழைய வண்டி, வயதான ஓட்டுநர் என்று எல்லாருமே ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். வண்டிக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

உஷாராணி சாவு வீட்டுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் அவளுக்கு ஆகவில்லை. ரப்பர் கிழிந்திருந்ததா, இல்லையா? கிழிந்திருந்தால் ஜனகாவைக் கொன்றது அவள். கிழியவில்லை என்றால் மழை. அது தெரிந்தால் போதும் என்று ஒரு நாள் தோன்றும், தெரியவே வேண்டாம் என்று மறுநாள் தோன்றும். தெருவில் எந்தப் பழைய வண்டி பின்னால் தட்டிக்கொண்டு போனாலும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

ஒரு வருஷத்துக்குமேல் ஆகி, சீனக் காலண்டரின் இந்த ஏழாம் மாதத்தில் அந்த வொல்வோ திரும்பி வந்தது. சீனர்கள் செத்தவர்களுக்குப் படையல் போடுகிற மாதம். சந்துக்கு எதிரே திடலில் கூடாரம் போட்டு, இரவு பாட்டுக் கச்சேரிக்கு நாற்காலி அடுக்கியிருந்தார்கள். முன்வரிசை மட்டும் எப்போதும் காலியாக இருக்கும், அது உயிரோடு இருப்பவர்களுக்கு இல்லை. எரித்த காகிதத்தின் கரி காற்றில் பறந்து வந்து பட்டறைத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மத்தியானம்தான், ஆனால் மழைக்கு வானம் மூடி எல்லாம் மங்கிக் கிடந்தது.

வண்டி மெதுவாக வந்து நின்றது. இடது பின்கதவு மட்டும் சற்று வேறு சாம்பலில் இருந்தது. திருக்குமரன் இறங்கினார். ரொம்ப மெலிந்துபோயிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து அந்தக் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று, யாரோ இறங்கக் காத்திருப்பதுபோலச் சற்று நேரம் நின்றார். பிறகு கதவைப் பதமாகச் சாத்தினார். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, துடைக்காத இன்னொன்றில் அவர் உட்கார்ந்தார்.

உஷாராணி கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் போனாள். துக்கத்தில் மனிதர்கள் இப்படியெல்லாம் செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டாள். சாப்பிட்டீர்களா அங்கிள் என்று கேட்டாள். அவர் தலையாட்டிவிட்டு, புஷ் மாற்றவேண்டும் என்றார். வண்டியைத் தட்டி எடுத்துச் சாயம் பூசின பட்டறையில் அடிப்பாகத்தையும் பார்த்துவிடுகிறோம் என்றார்களாம், இவர்தான் விடவில்லையாம்.

"கீழ நீங்கதான் கை வைக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார். "பழசைக் கழட்டினாப் பிறகு எறியாதேங்கோ. எனக்குப் பாக்கவேணும்."

அவர் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. அதனாலேயே அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாரா, ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறாரா என்று யோசித்தபடியே ஜேக்கைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். வலதுபக்கத்து போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே, இடது பின்சீட் இருக்கும் இடத்தில், தகரத்தில் விரல் முட்டியால் தட்டுவதுபோல இரண்டு தட்டு. அவள் ஸ்பேனரைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். திரும்பவும் தட்டியது. அங்கிள், வண்டிப் பக்கத்தில் நிற்கிறீர்களா என்று குரல் கொடுத்தாள். இல்லை, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று பதில் சுவரோரத்திலிருந்து வந்தது.

புகைக்குழாய் சூடு ஆறும்போது தகரம் சுருங்கிச் சத்தம் போடும். எத்தனையோ ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். அதுதான் இது என்று முடிவு செய்துகொண்டு, இடதுபக்கத்துக்குப் போனாள். அவள் போனதும் தட்டுவது நின்றுவிட்டது.

இடதுபக்கத்து புஷ்ஷைக் கழற்றப் பாடுபடவே வேண்டியிருக்கவில்லை. போல்ட்டை உருவியதும் இரும்புக் கை தளர்ந்து விழுந்தது. ரப்பர் உருளை அவள் உள்ளங்கையில் இரண்டாக வந்தது. விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிழிந்த துணிபோலத் திருகி, திருகின வாக்கிலேயே சுற்றிவரக் கிழிந்திருந்தது. தேய்மானமே இல்லை, ரப்பர் புதிதாகத்தான் இருந்தது. வலதுபக்கத்திலும் அதே திருகல், ஆனால் கிழிசல் பாதியில் நின்றிருந்தது. இந்தக் கிழிசலை அடையாளம் காண ஊரிலேயே அவளைத் தவிர ஆளில்லை. இவ்வளவு காலம் தெரியாமலிருந்தது இப்போது தெரிந்துவிட்டது. குழியின் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். கிழிந்த புஷ்களைத் துணியில் சுற்றிக் குழியின் மூலையில் தள்ளினாள். அங்கே ஒரு டின்னில் மற்ற வண்டிகளிலிருந்து கழற்றிய சாமான்கள் கிடந்தன. அதிலிருந்து, நல்லபடியாக உழைத்துச் சீராகத் தேய்ந்த பழைய புஷ்கள் இரண்டைப் பொறுக்கி, கிரீஸ் தடவி, தட்டில் வைத்தாள். நில அளவை ஆபீஸ்காரருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

புது புஷ்களைப் பொருத்தி, போல்ட்டை விரலால் மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கினாள். இனி கடைசி முறுக்குத்தான் பாக்கி. அவரை ஏறி உட்காரச் சொன்னாள். பின்சீட்டுக்கு மணல் மூட்டையைத் தூக்கப் போனாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"மூட்டை தேவையில்லை. ஆள் இருக்கு," என்றார். "நீங்க கீழ போங்கோ."

அவள் அவரையே பார்த்தாள். அவர் துடைத்து வைத்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரோடு வாதாடுவதைவிட, இறங்கி ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. இறங்கினாள்.

குழிக்குள்ளிருந்து பார்த்தால் வண்டியின் இரண்டு பக்கத்திலும் தரை ஒரு சாண் உயரத்துக்குத் தெரியும். ஏறுகிறவர்களின் பாதங்கள் அந்த இடைவெளியில் வந்து நின்று மறையும். திருக்குமரனின் கறுப்புச் செருப்பு வலதுபக்கம் வந்தது, மறைந்தது. முன் வலது ஓரம் இறங்கியது, கதவு சாத்தப்பட்டது. பிறகு இடதுபக்கப் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே தரை மட்டும்தான் இருந்தது, காகிதக் கரி ஒன்று காற்றில் உருண்டது.

கதவு சாத்தப்பட்டது. அவள் கண்ணுக்கு நேரே, இடது பின் ஸ்பிரிங் அமுங்கியது. மணல் மூட்டையைப் போட்டால் தொப்பென்று அமுங்கி ஆடி நிற்கும். இது அப்படி இல்லை. முதலில் கொஞ்சம், பிறகு சீட்டில் நகர்ந்து உள்ளே உட்காரும்போது இன்னும் கொஞ்சம், பிறகு சாய்ந்துகொள்ளும்போது கடைசியாகக் கொஞ்சம். இந்த வண்டியில் இந்த இடத்தில் இப்படி அமுங்குவதை அவள் எத்தனையோ முறை கீழே நின்று பார்த்துச் சிரித்திருக்கிறாள். அது யாருடைய பாரம் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் கை பழக்கத்தில் ஸ்பேனரை மாட்டி முறுக்கியது. இடதுபக்கத்து போல்ட்டை முறுக்கும்போது பாரம் சற்றே அசைந்தது. கீழே என்ன நடக்கிறது என்று ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் அசைவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு முறுக்கி முடித்தாள்.

மேலே ஏறி வந்தபோது பின்சீட்டில் யாரும் இல்லை. திருக்குமரன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே அந்தப் பழசு என்று அவர் கேட்டார். அவள் தட்டை நீட்டினாள்.

அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு புஷ்ஷை எடுத்தார். விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். இது நன்றாகத்தானே இருந்திருக்கிறது, கிழியவில்லையே என்றார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவருக்கு மூச்சு நீளமாக வெளியே வந்தது. தோள் இரண்டும் தளர்ந்தன. இவ்வளவு காலமாக எதையோ தூக்கிக்கொண்டு நின்றவர் அதை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பிறகு, அவள் கேட்காமலே, அவர் சொல்ல ஆரம்பித்தார்.

விபத்துக்கு முந்தின சில வாரங்களாக, சீட்டுக்குக் கீழே யாரோ தட்டுகிறார்கள் என்று ஜனகா சொல்லிக்கொண்டிருந்தாராம். உஷாவிடம் காட்டலாம் என்றாராம். முன்னால் உட்கார்ந்திருந்த இவருக்கு எதுவும் கேட்கவில்லை. வயது போனால் காதில் இப்படித்தான் கேட்கும் என்று இவர் சொல்லிவிட்டார். ஜனகா விடவில்லை. கடைசியில் இவர் மனைவியைக் காது டாக்டரிடம் கூட்டிப்போக, அந்த டாக்டர் வேறொரு டாக்டரிடம் அனுப்ப, மனதுக்கு ஒரு மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்தார். ஜனகா அந்த மாத்திரையை விழுங்கினார். அதற்குப் பிறகு தட்டுகிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டார். விபத்து நடந்த அன்றைக்குக் கிளம்பும்போது மட்டும், காரில் வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றாராம். இவர் சத்தம் போட்டு ஏற்றினாராம்.

"நான் நம்பேல்ல," என்றார் திருக்குமரன். "அது சரிதான் போல. ரப்பர் நல்லாத்தான் இருந்திருக்கு. அவவுக்குத்தான் மனசில ஏதோ பிழை."

உஷாராணி அவர் கையிலிருந்த புஷ்ஷைப் பார்த்தாள். யாருடைய வண்டியிலிருந்தோ வந்த அந்த ரப்பர் அவரைக் காப்பாற்றிவிட்டது, அவளையும் காப்பாற்றிவிட்டது. அவள் வாயைத் திறக்காமலிருந்தால் போதும், இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம். செத்துப்போனவளுக்குத்தான் பைத்தியம் என்று முடிந்துவிடும். சரியாகக் கேட்ட ஒரே காதுக்கு மாத்திரை கொடுத்து அடக்கினார்கள். இப்போது உஷாராணியும் சேர்ந்து இன்னொரு மாத்திரை கொடுக்கிறாள். அதை நினைத்தபோது, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் உட்கார்ந்திருப்பவள்மேல் இருந்த பயம் போய், தன்மேலேயே அருவருப்பு வந்தது.

குழிக்குள் இறங்கி அந்தத் துணிப்பொட்டலத்தை எடுத்துவந்து, அவர் மடியில் பிரித்து வைத்தாள்.

"இதுதான் உங்க வண்டியோடது, அங்கிள். அது வேற வண்டியோடது, நான் பொய் சொன்னேன். அன்னைக்குக் குழியில தண்ணி. தொங்கவிட்டே முறுக்கிட்டேன், உங்ககிட்ட சொல்லல. அதுல கிழிஞ்சதுதான் இது. டீச்சருக்குக் கேட்டது நெசம்."

அவர் கிழிந்த இரண்டு துண்டையும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தார். திட்டுவார், அடிக்கக்கூடக் கை ஓங்குவார் என்று அவள் நின்றாள். வெளியே பெரிய துளிகளாக மழை விழ ஆரம்பித்தது. எதிரே திடலில் யாரோ ஓடிவந்து நாற்காலிகளின் மேல் தார்ப்பாய் இழுத்தார்கள், முன்வரிசையை முதலில் மூடினார்கள்.

"உங்கட பிழை உங்களுக்கு," என்றார் கடைசியில். "என்ர பிழை எனக்கு."

பிறகு இன்னொன்றும் சொன்னார். சாயம் பூசி வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜனகா அந்தப் பின்சீட்டை விடவில்லை என்றார். இவர் எங்கே போனாலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறாராம். தட்டுகிறாராம். நம்புகிறேன், நம்புகிறேன் என்று இவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். தட்டுவது நிற்கவில்லை.

"நான் சொன்னா இனி அவ நம்பமாட்டா," என்றார். "நீங்க சொல்லுங்கோ."

உஷாராணி வண்டியைச் சுற்றிப் போனாள். வேறு சாம்பலில் இருந்த அந்தக் கதவைத் திறந்தாள். உள்ளே பழைய தோல் சீட், அதன் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளம். பள்ளம் ஆழமாக இருந்தது. மழை நாளில் நனைந்துவந்த சேலையின் வாசனை அடித்தது. விழுந்துவிடாமலிருக்க ஒரு கையைக் கூரையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு குனிந்தாள். யார் முகத்தைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் பள்ளத்தையே பார்த்துப் பேசினாள்.

"டீச்சர், உங்க காதுல ஒண்ணும் இல்ல. மனசுலயும் ஒண்ணும் இல்ல. வண்டி தட்டுச்சு. நீங்கதான் சரியாக் கேட்டீங்க. நான் செஞ்ச தப்பு அது. என்னை மன்னிங்கன்னு கேக்கிறதுக்குக்கூட எனக்கு வாய் வரல."

முன்சீட்டில் திருக்குமரன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். வேறு சத்தம் எதுவும் வரவில்லை. கூரையில் ஊன்றியிருந்த அவளுடைய கை மெதுவாக மேலே எழும்பியது. அவள் எழுப்பவில்லை. அமுங்கியிருந்த ஸ்பிரிங் பாரம் இறங்கியதும் நிமிர்வதுபோல, வண்டியின் அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து நின்றது. யாரோ சாய்விலிருந்து எழுந்து, சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, அவளை உரசாமல் இறங்கிப் போனார்கள். சீட்டில் இருந்த பள்ளம் அவள் கண்முன்னால் நிரம்பி மட்டமானது.

அவள் கதவைச் சாத்தவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து, இறங்கவேண்டாம் அங்கிள், அப்படியே உட்கார்ந்திருங்கள், போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முறுக்கவேண்டும் என்றாள். அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு எப்படி முறுக்கவேண்டுமோ அப்படி முறுக்கினாள்.